மேன்முறையீடு முடியும்வரை குடியிருப்பு நிற்கட்டும்

வழக்கில் தோற்றவர் மேல் நீதிமன்றத்தை நாடலாம் என்று நமக்குச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்த நீதிமன்றம் தீர்ப்பளிப்பதற்குள் வீட்டை உடைத்துப் பயிரையும் பிடுங்கிவிட்டால், பின்னர் வரும் வெற்றியால் யாருக்குப் பயன்? ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. மேன்முறையீடு முடியும்வரை முன்னைய கட்டளையை நிறுத்திவைக்கும் இடைக்கால உத்தரவு இதனாலேயே முக்கியமாகிறது.

மாவட்ட நீதிமன்றக் காணி வழக்குகளில் இதற்கு வழியுண்டு. தோற்றவர் 14 நாட்களுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தலும், 60 நாட்களுக்குள் மனுவும் கொடுக்க வேண்டும். கட்டளையை நிறைவேற்றினால் பெரும் நட்டம் வரும் எனக் காட்டிப் பிணையும் வைத்தால், நீதிமன்றம் அதனை நிறுத்திவைக்கலாம்.

அரச காணியில் இருப்போரின் நிலை வேறு. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகத்தை ஏற்ற கம்பனிகள் குத்தகைக்காரர்களே. ஆகவே பதுளை, பசறை, அப்புத்தளைத் தோட்டங்களில் லயத்துக்கும் மரக்கறிப் பாத்திக்கும் எதிராக 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் மீட்புச் சட்டம் வரக்கூடும். வெளியேறும்படி அறிவித்தல் வரும். வெளியேறாவிட்டால் விடயம் நீதவானிடம் போகும். செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரமோ அரசின் வேறு எழுத்து மூல அதிகாரமோ இருந்தால் மட்டுமே அங்கே தப்பலாம். நீதவானின் வெளியேற்றக் கட்டளைக்கு மேன்முறையீடு கிடையாதென்று 10ஆம் பிரிவு சொல்கிறது.

எஞ்சியவை இரண்டு வழிகள். ஒன்று, பதுளையிலுள்ள மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்பது. மற்றது, வெளியேறும் அறிவித்தலையே இரத்துச் செய்யும்படி எழுத்தாணை கேட்பது. இந்த எழுத்தாணையை மாகாண மேல் நீதிமன்றம் வழங்க முடியாதென ஸ்டாபோர்ட் தோட்ட வழக்கில் உயர் நீதிமன்றம் 2013 செப்டெம்பர் 26இல் தீர்ப்பளித்தது. அதற்காகக் கொழும்பிலுள்ள மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டும். நாட்கூலிக் குடும்பத்துக்கு அது எவ்வளவு தொலைவு! எவ்வழியில் சென்றாலும், மனுப் போட்டதனால் மட்டும் வெளியேற்றம் நின்றுவிடாது. இடைக்கால உத்தரவை மனுவிலேயே தனியாகக் கேட்டுப் பெற வேண்டும்.

நிறுத்திவைத்தால் அத்துமீறிக் குடியேறியோர் காலத்தை இழுத்தடிப்பார்கள் என்பர் சிலர். அந்தப் பயத்தில் நியாயமுண்டு. அதற்கு நிபந்தனை விதிக்கலாம்: புதிதாகக் கட்டக் கூடாது, மரம் வெட்டக் கூடாது, வழக்கை விரைவாக முடிக்க வேண்டும். மண்சரிவு அபாயமுள்ள இடத்தில் நிறுத்திவைப்பைக் கேட்பதே தவறு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் மூடிய லயங்களை மறக்கலாமா? அங்கே முதலில் உயிர். அதன்பின் மாற்றுக் காணிக்கான போராட்டம்.

ஏனைய இடங்களில், மேல் நீதிமன்றம் ஒருமுறையாவது பார்க்கும்வரை வெளியேற்றம் தானாகவே நிற்கும்படி சட்டம் திருத்தப்பட வேண்டும். உடைத்த வீட்டை எந்தத் தீர்ப்பும் திரும்பக் கட்டித் தராது. சில வாரத் தாமதத்தால் அரசின் காணி எங்கும் ஓடிவிடாது.

திருத்தம் வரும்வரை நாம் செய்யக்கூடியதும் உண்டு. அறிவித்தல் கையில் கிடைத்த திகதியைக் குறித்து வையுங்கள். அனுமதிப்பத்திரம், காணி தொடர்பாக வந்த கடிதங்கள் அனைத்தையும் ஒரே உறையில் பத்திரப்படுத்துங்கள். அன்றே சட்டத்தரணியிடமோ சட்ட உதவி ஆணைக்குழுவிடமோ செல்லுங்கள். "கட்டளையை நிறுத்திவைக்கக் கேட்டீர்களா?" என்பதே அவரிடம் நீங்கள் கேட்கும் முதற் கேள்வியாக இருக்கட்டும்.