சுவரோர நிழலுக்கு என்ன பூமரம் வைக்கலாம்?



2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் எங்கள் பாண்டிருப்பில் கட்டிய வீடுகள் பல நெருக்கமாக இருக்கின்றன. இரண்டு சுவர்களுக்கு நடுவில் ஒரு துண்டு நிலம், அதிலும் நிழல். "அக்கா, அதில செவ்வரத்தை வைச்சேன், பூக்குதே இல்லை" என்று பலர் என்னிடம் சொல்கிறார்கள். செவ்வரத்தைக்கும் மல்லிகைக்கும் நல்ல வெயில் வேண்டும். நிழலில் அவை மெலிந்து நீளும், பூ குறையும்.

முதலில் வெயிலைக் கவனியுங்கள். எங்கள் பகுதியில் வடக்குச் சுவருக்கு ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை வெயில் படும். மற்ற மாதங்களில் தெற்குச் சுவருக்குப் படும். கிழக்குச் சுவருக்குக் காலை வெயில் எப்போதும் உண்டு. ஆகவே நாள் முழுக்க நிழல், காலையில் மட்டும் வெயில் என்று இடத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

நிழல் கூடிய இடத்துக்கு நந்தியாவட்டை நல்லது. எப்போதும் பச்சையாக நிற்கும். வெள்ளைப் பூ பூசைக்கு உதவும். ஓரளவு வெளிச்சம் உள்ள இடத்தில் கனகாம்பரம் வையுங்கள். வாசம் இல்லாவிட்டாலும் பறித்த பூ சில நாள் வாடாது. மாலை கட்டி விற்கவும் ஏற்றது. காலை வெயில் மூன்று நான்கு மணித்தியாலம் கிடைத்தால் வெட்சி வைக்கலாம். எக்ஸோரா என்பதும் இதைத்தான்.

வெட்சி இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் மண்ணில்தான் குறை. சுவரடியில் கிடக்கும் சீமெந்துக் கழிவும், கடற்கரை மணலில் உள்ள சிப்பித் துகளும் மண்ணில் சுண்ணாம்பைக் கூட்டுகின்றன. அதனால் வேர் இரும்புச் சத்தை எடுக்க முடிவதில்லை. ஒன்றரை அடி ஆழத்துக்குக் கிண்டிக் கழிவை அகற்றி, மக்கிய மாட்டெருவும் இலைகுழையும் போட்டு நிரப்புங்கள்.

அலரியை மட்டும் வீட்டடியில் வைக்க வேண்டாம். அதன் எல்லாப் பாகமும் நஞ்சு. சின்னப் பிள்ளைகளும் ஆடு மாடும் உள்ள வளவில் அது ஆபத்து.

சுவரிலிருந்து இரண்டரை அடியாவது தள்ளி நடுங்கள். காற்றோட்டம் இருந்தால் சுவர் ஈரம் பிடிக்காது. யன்னலின் கீழ்விளிம்புக்கு மேல் வளரவிடாமல் வெட்டிவிடுங்கள். எங்களில் பலர் ஆண்துணை இல்லாமல் பிள்ளைகளோடு தனியே இருக்கிறோம். உள்ளே இருந்து பார்த்தால் வெளியே யார் நிற்கிறார் என்று தெரிய வேண்டும். அழகுக்காக அந்தப் பாதுகாப்பை விடக்கூடாது.

இதற்குக் காசு தேவையில்லை. நந்தியாவட்டையும் வெட்சியும் தடி வெட்டி நட்டால் வேர்விடும். கனகாம்பரம் விதையிலும் முளைக்கும். பக்கத்து வளவில் கேளுங்கள். மருதமுனையில் எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா வெட்சித் தடி தந்தார், நான் கனகாம்பர விதை கொடுத்தேன்.

புரட்டாதியில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு முடிய மாரி மழை நெருங்கிவிடும். நடுவதற்கு அதுவே காலம். அப்போது நட்டால் கச்சான் காற்று அடிக்கும் முன் வேர் பிடித்துவிடும்.

எத்தனையோ தரம் இடம்பெயர்ந்தோம். நட்டதை எல்லாம் விட்டுவிட்டு ஓடினோம். பூமரம் நன்றாகச் செழிக்க இரண்டு மூன்று வருடம் எடுக்கும். அவ்வளவு காலம் இதே வீட்டில் இருப்போம் என்று நம்பித்தான் நடுகிறோம். நடுங்கள் சகோதரிகளே.