துறைமுக ஊரில் கப்பல் வணிகம் படிக்க வேண்டாமா?

தூத்துக்குடியில் பிளஸ் டூ முடித்த பிள்ளையிடம் துறைமுகத்தில் என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டால், கப்பலில் ஏறலாம், இல்லாவிட்டால் சுமை தூக்கலாம் என்பான். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலைகளில்தான் இங்கே எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. நான் கஸ்டம்ஸ் புரோக்கர். பள்ளியிலேயே கடல் வணிகத்தின் பொருளாதாரத்தைச் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வணிகவியல் புத்தகத்தில் ஏற்றுமதி, இறக்குமதி இருக்கிறது. ஆனால் சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் பில் ஆஃப் லேடிங்குக்கு இலக்கணம் எழுதி மார்க் வாங்கிய பட்டதாரி, எங்கள் ஆபீசுக்கு வந்துதான் அதை முதன்முதலாகக் கையில் வாங்கிப் பார்க்கிறான்.

2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டதும், ஐரோப்பா போகும் கப்பல்கள் சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றின. பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது. காலி கன்டெய்னர் திரும்பி வரத் தாமதமானது. வாடகை ஏறியது. எஃப்.ஓ.பி. விலைக்கு ஒப்பந்தம் போட்ட திருப்பூர்க்காரருக்கு அந்த ஏற்றம் நேராகத் தலையில் விழவில்லை. அதில் கப்பல் வாடகை, சரக்கை வாங்குபவர் பாடு. வாடகையும் காப்பீடும் சேர்ந்த சி.ஐ.எஃப். விலைக்கு ஒத்துக்கொண்டவர் கைக்காசைப் போட்டார். தேவை, அளிப்பு என்று கோடு போட்டுக் காட்டுவதைவிட இது மனதில் நிற்கும்.

வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியை வரலாற்றில் படிக்கிறோம். 1906இல் தொடங்கிய அந்தக் கம்பெனியை முடக்க, பிரிட்டிஷ் கம்பெனி கொழும்புக் கட்டணத்தை வெட்டிக்கொண்டே போய், இலவசமாகவே ஏற்ற முன்வந்தது. பணபலம் உள்ளவன் நட்டத்தைத் தாங்கிப் போட்டியாளனை விழுத்தாட்டும் வித்தை அது. எந்தப் பொருளியல் வகுப்பிலாவது அதைக் கணக்காகப் போட்டுக் காட்டுகிறார்களா?

வேலைகளுக்கும் குறைவில்லை: ஷிப்பிங் ஏஜென்சி, சரக்கு ஃபார்வர்டிங், கடல் காப்பீடு, சர்வே, கப்பலை வாடகைக்குப் பேசுவது. பட்டதாரி ஒருவர் கஸ்டம்ஸ் வேலைக்கான ஜி கார்டோடு இரண்டு வருடம் வேலை பார்த்தால் புரோக்கர் லைசென்ஸ் தேர்வு எழுதலாம். ஷிப்பிங் பில் எல்லாம் ஆன்லைனுக்கு வந்துவிட்டதால், பெண் பிள்ளைகளைத் துறைமுக வேலைக்கு அனுப்பத் தயங்குவதற்கும் காரணமில்லை. 2008இல் தொடங்கிய இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருக்கிறது. அங்கே துறைமுக நிர்வாகத்தில் எம்.பி.ஏ. உண்டு என்பதாவது பத்தாம் வகுப்பிலேயே காதில் விழ வேண்டாமா?

முதலில் இந்தப் பாடத்தைக் கடலோர மாவட்டப் பள்ளிகளில் ஆரம்பிக்கட்டும். பெயரையும் எண்ணையும் மறைத்து எங்கள் ஆபீசின் பழைய ஃபைல்களைப் பிரதி எடுத்துத் தர நான் தயார். வகுப்புக்கு வந்து விளக்கச் சொன்னாலும் வருகிறேன்.