பொறுமைக்குப் பாராட்டு, பொறுப்புக்கு விடுதலையா?

ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் சென்னை மக்களுக்குத் தவறாமல் ஒரு புகழ்மாலை சூட்டப்படுகிறது. எத்துணை இடர் வரினும் தளராத மக்கள் என்றும், வீழ்ந்த மறுநாளே எழுந்து நிற்கும் மாநகரம் என்றும் மேடைகள் முழங்குகின்றன, ஏடுகள் எழுதுகின்றன. செவிக்கு இனிமைதான். ஆனால் அந்த இனிமைக்குள் நஞ்சு கலந்திருக்கிறது என்பதே என் வாதம்.

மக்களின் நெஞ்சுரத்தை நான் மறுக்கவில்லை. 2015 டிசம்பர் முதல் நாள் பெய்யத் தொடங்கிய மழை, 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. எனப் பதிவாயிற்று. அடையாறு கரைபுரண்டது. மீனவர்கள் படகுகளோடு தெருக்களுக்குள் வந்து உயிர்களைக் காத்தனர். பள்ளிவாசல்கள் சமயம் பாராது கதவு திறந்து உணவும் உறைவிடமும் அளித்தன. வெள்ளம் வடிந்தபின் முஸ்லிம் இளைஞர்கள் கோயில்களையும் துப்புரவு செய்தனர். மனிதம் அன்று தலைநிமிர்ந்து நின்றது, ஐயமில்லை. எனினும் அப்பருவமழையில் தமிழகத்தில் 400-க்கும் மேற்பட்டோர் மாண்டனரே! 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் அறிக்கை, அதனை மனிதரால் விளைந்த பேரழிவு என்று கூறிற்று. விளைத்தவர் எவர் என்று கேட்க வேண்டிய வேளையில், தாங்கியவரைப் புகழ்ந்து கலைந்து சென்றோம்.

ஊரின் பெயர்களே சாட்சி சொல்கின்றன. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு உண்டு. பார்ப்பதற்கு ஏரி இல்லை. 1920-களில் அந்த ஏரியைத் தூர்த்தே தியாகராய நகர் எழுந்தது. நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு உண்டு. அந்த ஏரியின் மடியில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் எழுந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையோ ஒருபுறம் பெருங்குடிக் குப்பைமேடும், மறுபுறம் கணினி நிறுவனங்களின் மாளிகைகளும் விழுங்கின. சிறு பகுதியே எஞ்சிய பின்னர், 2022-இல் அது ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

இனி நீதியைப் பாருங்கள். 2015-க்குப் பின் ஆற்றோரக் குடிசைவாசிகள் பலர், வெள்ளத்திலிருந்து காப்பதாகக் கூறிப் பெரும்பாக்கத்துக்கு அப்புறப்படுத்தப்பட்டனர். அதுவும் பள்ளிக்கரணையை ஒட்டிய தாழ்நிலமே அன்றோ? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அங்கும் வெள்ளம் சூழ்ந்தது. வேலையும் பள்ளியும் பழகிய அண்டை அயலாரும் நகரத்திலே. அவர்கள் மட்டும் தொலைவிலே. ஆற்றோரம் குடிசை போட்ட ஏழை ஆக்கிரமிப்பாளன். ஏரிக்குள் மாளிகை எழுப்பியவன் வளர்ச்சியின் தூதன்! இது எந்த ஊர் நியாயம்?

வளரும் நகரத்தில் இடையூறு இயல்பு, அனுசரித்து வாழ்வதே அறிவு என்பார் சிலர். அவர்களுக்கு 2019-ஐ நினைவூட்டுகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய அதே நகரம், ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து இரயிலில் வந்த தண்ணீருக்குக் காத்திருந்தது. மழைநீரைத் தேக்கி வைக்கும் இடங்களைத் தூர்த்த ஊர், மழையில் மூழ்கும், கோடையில் தவிக்கும். இதை எத்தனை முறை அனுசரிப்பது?

நம்மவரிடையே இதற்குப் பொறுமை என்று பெயர் சூட்டுவோரும் உளர். 'ஸப்ர்' என்னும் அரபுச் சொல்லின் வேர்ப்பொருள் தடுத்து நிறுத்துதல் என்பதாம். துன்பத்தில் மனம் நிலைகுலையாமல் பிடித்து நிறுத்துவதே பொறுமை; தவற்றின் முன் வாய்பொத்தி நிற்பது அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது நம்பிக்கை வைக்கச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறிவுரையை நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். ஏரியின் கரையை உடைத்துவிட்டுக் குடிமக்களுக்குப் பொறுமையைப் போதிப்பது அந்த அறிவுரைக்கு நேர்மாறானது.

வாசக அன்பர்களே, குற்றத்தில் நமக்கும் பங்குண்டு. மகளின் திருமணத்துக்கென மலிவாக மனை வாங்குகிறோம். அது முன்னர் ஏரியா, ஓடையா என்று கிராம வரைபடத்தைப் புரட்டிப் பார்த்தோமா? முற்றம் முழுவதும் சிமெண்டு பூசிவிட்டு, நீர் ஏன் இறங்கவில்லை என்று வியக்கிறோம். இனியேனும் மனை வாங்குமுன் ஆவணம் பாருங்கள். நம் தெருவின் வடிகால் எங்கே போய்ச் சேர்கிறது என்று மாமன்ற உறுப்பினரிடம் கேளுங்கள். விடை வரும்வரை கேளுங்கள்.

அடுத்த வெள்ளத்திலும் நம் பிள்ளைகள் படகோடு செல்வார்கள், செல்லட்டும். அவர்கள் திரும்பி வந்ததும் நாம் அளிக்க வேண்டியது மாலை மட்டுமன்று. இந்த வெள்ளம் ஏன் வந்தது என்ற கேள்விக்கு ஒரு நேர்மையான விடையும் ஆகும்.