இரண்டு பழனிச்சாமிகளும் ஒரு பட்டாவும்

வேடசந்தூர்ப் பக்கத்து விவசாயி ஒருவரின் சிட்டாவை எடுத்துப் பாருங்கள். மேலே பட்டா எண். அதன் கீழே உரிமையாளர்கள். பிறகு வரிசையாகப் புல எண், உட்பிரிவு, நன்செயா புன்செயா, பரப்பு, தீர்வை. ஒரு பட்டாவில் பல நிலங்கள் இருக்கலாம். ஒரே உட்பிரிவு இரண்டு முறை வராது. நிரல் எழுதுகிற எங்களுக்கு இது நன்றாகப் பழகிய அமைப்பு: ஒரு சாவி, அதற்குப் பல மதிப்புகள், வரிசை குலையாமல், எதுவும் ஒரே ஒரு முறை. ஜாவா மொழிக்கான கூகுளின் குவாவா நூலகத்தில் இதன் பெயர் 'சார்ட்டட்செட் மல்டிமேப்'. அ-பதிவேடு இதையே திருப்பிப் போட்டதுதான். அங்கே புல எண்ணைச் சொன்னால் பட்டா எண் கிடைக்கும்.

சாவியிலேயே முதல் சிக்கல். பட்டா எண் ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் மட்டுமே தனித்தது. 5-ஆம் எண் பட்டா ஊருக்கு ஊர் உண்டு. ஆகவே மாவட்டம், வட்டம், கிராமம் எல்லாம் சேர்ந்துதான் சாவி. அதுவும் நிலையானதல்ல. நில உடைமை மேம்பாட்டுத் திட்டம் 1979-இல் தொடங்கியபோது திண்டுக்கல் மதுரை மாவட்டத்துக்குள் இருந்தது. தனி மாவட்டமானது 1985-இல். பின்னர் வேடசந்தூரிலிருந்து குஜிலியம்பாறை தனி வட்டமாகப் பிரிந்தது. நிலம் நகரவில்லை, சாவி மாறிவிட்டது.

வரிசைக்கு வருவோம். உட்பிரிவு எண்களை வெறும் எழுத்தாகக் கொடுத்தால் கணினி 123/10-ஐ 123/2-க்கு முன்னால் வைக்கும். நம் உட்பிரிவுகளோ 1, 1ஏ, 1ஏ1 என்று எண்ணும் எழுத்தும் மாறி மாறி வளர்பவை. பெயர்களிலும் இதே கதைதான். யூனிகோடு எண்களின்படி அடுக்கினால் பழனி முதலில், பவானி பிறகு. தமிழ் அகரவரிசையில் வகரம் ழகரத்துக்கு முந்தியது. பவானிதான் முதலில் வர வேண்டும். இதற்கெல்லாம் ஒப்பிடும் விதி ஒன்றை நாமே எழுதித் தருகிறோம். 'கம்பேரேட்டர்' என்பது அதுதான்.

வரிசை தப்பினால் கண்ணுக்குத் தெரியும், திருத்திவிடலாம். எனக்கு அச்சம் அதில் இல்லை. அந்த ஒப்பீட்டு விதிதான் எது ஒன்று, எது வேறு என்பதையும் தீர்மானிக்கிறது. இந்த வகைத் தொகுப்பான 'ட்ரீமல்டிமேப்', இரண்டு மதிப்புகளை ஒப்பிட்டு விடை சுழியம் என்றால் இரண்டும் ஒன்றே என்று முடிவு கட்டிவிடும். இரண்டாவதைச் சேர்க்காது. பிழைச்செய்தியும் தராது. பரப்பளவை மட்டும் வைத்து வரிசைப்படுத்தச் சொன்னால், ஒரே பட்டாவில் 40.5 ஏர் அளவுள்ள இரண்டு உட்பிரிவுகளில் ஒன்று சத்தமில்லாமல் போய்விடும்.

மனிதர்களுக்கும் இது நேரலாம். பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பது நம் வழக்கம். பழனிச்சாமியின் மகன்கள் பெருமாளும் பெரியசாமியும் ஆளுக்கொரு மகனுக்குத் தங்கள் அப்பா பெயரையே வைக்கிறார்கள். தாத்தாவின் தோட்டம் கூட்டுப் பட்டாவாக இறங்கும்போது வாரிசுகளில் இருவர் பழனிச்சாமி. சிட்டாவில் தந்தை பெயரோடு இருப்பதால் குழப்பமில்லை. பயிர்க்கடனுக்காக அதே சிட்டாவை ஒரு கடன் சங்கத்திலோ வங்கியிலோ கணினியில் ஏற்றுகிறவர் இனிஷியலோடு நிறுத்தினால் இருவருமே 'பெ. பழனிச்சாமி'. தனித்த மதிப்புகளை மட்டும் ஏற்கும் தொகுப்பில் ஒருவர்தான் மிஞ்சுவார். தாத்தா பெயரால் இணைந்த பங்காளிகளுக்குத்தான் இந்த ஆபத்து அதிகம் என்பது வேடிக்கை. பங்குத் தகராறுக்கு இது போதாதா?

நேர்மாறாகவும் நடக்கும். கொடைக்கானல் என்பதில் உள்ள 'கொ'வின் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. கணினிக்கு அவை இரண்டு ஊர்கள். சேமிக்கும் முன் எழுத்து வடிவத்தைச் சீர்ப்படுத்தாவிட்டால் ஒரே கோவிந்தராஜ் இரண்டு பேராகிவிடுவார்.

ஊர் நிலக் கணக்கெழுதிய கர்ணம் பதவி 1980-இல் ஒழிந்தது. எந்தப் பழனிச்சாமி யாருடைய மகன் என்ற விதி அதுவரை கர்ணத்தின் தலைக்குள் இருந்தது. அதிகாரமும் அங்கேயே குவிந்திருந்தது. ஒழித்தது சரிதான். ஆனால் அந்த விதியை இன்று எழுதுகிறவர், நத்தத்தையோ நிலக்கோட்டையையோ பார்த்திராத, வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் நிரலாளர். யார் யாரிலிருந்து வேறு என்பது நிரலாளர் தீர்க்கிற விஷயமல்ல, சட்டம் தீர்க்க வேண்டியது.

எனவே வருவாய்த் துறை இரண்டைச் செய்ய வேண்டும். பட்டாதாரர் ஒவ்வொருவருக்கும் பெயரைச் சாராத ஓர் எண் தர வேண்டும். பெயரையும் உட்பிரிவையும் ஒப்பிடும் விதியை எழுதி வெளியிட்டு, சிட்டாத் தரவைக் கையாளும் வங்கிகளும் சங்கங்களும் அதையே பின்பற்றச் சொல்ல வேண்டும். அதுவரை, கூட்டுப் பட்டா வைத்திருப்பவர்கள் அடுத்த முறை கடனுக்குப் போகும்போது அங்குள்ள பட்டியலைக் கேட்டு வாங்கி, பங்காளிகளின் எண்ணிக்கையைச் சிட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கட்டுரையாளர்: தரவுத்தள மென்பொருள் பொறியாளர், திண்டுக்கல்.