அந்தப் பெரியவர் கட்சி மாறவில்லை



பதிவு கொஞ்சம் நீளம். பாதியில் லைக் போட்டுவிட்டு ஓடிவிடாமல், இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவர் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் வேலை பார்க்கிறார். படத்தில் இருப்பவர் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர். அறுபத்தைந்து வயது இருக்கலாம். கை முழுக்க மங்கிப்போன பச்சை, காதில் வரிசையாக வளையம், மடியில் ஒரு பாஞ்சோ. மதுக்கடை மூலையில் நாலைந்து பேரோடு உட்கார்ந்து கன்ட்ரி பாட்டு வாசித்துக்கொண்டிருக்கிறார். படத்துக்கு மேலே நம் மாணவர் எழுதியிருந்தது: "அந்தக் காலத்து பங்க் ரவுடி. வயசானதும் கட்சி மாறி பஜனை கோஷ்டியில சேந்துட்டாரு." கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். நம் உறவுக்காரர்கள் சிலரும் போய்ச் சிரித்துவிட்டு வந்திருக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெரியவர் கட்சி மாறவில்லை என்பது என் வாதம்.

முதலில், பங்க் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காக. 1970-களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் கிளம்பிய இசை அது. ராக் இசை பெரிய மைதானங்களுக்கும் பணக்கார நட்சத்திரங்களுக்கும் சொந்தமாகிவிட்டிருந்த நேரம். கையில் காசில்லாத, சங்கீதம் படிக்காத பையன்களும் பெண்களும் "எங்களுக்கு மேடை ஏறத் தகுதி இல்லையா?" என்று கேட்டுக்கொண்டு ஏறினார்கள். கிட்டாரில் மூன்று கார்ட் பிடிக்கத் தெரிந்தால் போதும், ஆரம்பி என்றார்கள். நியூயார்க்கின் ரமோன்ஸ் குழு 1976-ல் வெளியிட்ட முதல் இசைத்தட்டில் 14 பாட்டு. மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். அதே காலத்தில் லண்டனில் செக்ஸ் பிஸ்டல்ஸ், கிளாஷ் குழுக்கள் கிளம்பின.

என் காதுக்கு அது இன்றும் பாதி இரைச்சல்தான். எனக்கு மதுரை சோமு போதும். ஆனால் மகள் வீட்டுக்கு இங்கிலாந்து போய்வந்த நாட்களில் இதைப் பற்றி நிறையப் படித்தேன், கேட்டேன். படிக்காமல் சிரிப்பவர்களைவிட எனக்கு இதில் கொஞ்சம் உரிமை உண்டு.

"கட்சி மாறினார்" என்றால் முன்பு ஒரே கொடி பறந்த ஒரு கட்சி இருந்திருக்க வேண்டும். பங்க்கில் அப்படி ஒன்று தொடக்கத்திலேயே கிடையாது. லண்டன் கோவன்ட் கார்டனில் ராக்ஸி என்ற விடுதிதான் 1977-ன் ஆரம்பத்தில் பங்க் ரசிகர்களின் கோயில். அங்கே குழுக்கள் மேடை ஏறும் இடைவேளைகளில் இசைத்தட்டு போட்டவர் டான் லெட்ஸ், ஜமைக்காவிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளை. போடுவதற்கு அன்று பங்க் இசைத்தட்டுகளே அதிகம் வரவில்லை. ஆகவே தன்னிடம் இருந்த ரெகே, டப் தட்டுகளைப் போட்டார். பங்க் ரசிகர்கள் ரசித்து ஆடினார்கள். அதே 1977 ஜூலையில் செக்ஸ் பிஸ்டல்ஸ் பாடகர் ஜான் லைடனை லண்டன் வானொலி ஒன்று அழைத்து, பிடித்த பாட்டுகளைப் போடச் சொன்னது. அவர் கொண்டுபோனதில் ரெகே இருந்தது, ஜெர்மனியின் கேன் குழு இருந்தது, நீல் யங்கும் இருந்தார். அன்று ஊரையே பயமுறுத்திக்கொண்டிருந்த பையன் வீட்டில் கேட்டது இதையெல்லாம்தான். அடுத்த ஆண்டு ஜனவரியில் அவர் செக்ஸ் பிஸ்டல்ஸை விட்டு வெளியே வந்து, டப் இசையின் சாயல் கொண்ட பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவைத் தொடங்கினார். வெளியே வந்தபோது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிறையவில்லை. வயதானதால் மாறினார் என்று இவரைச் சொல்ல முடியுமா?

மாறாமல் நின்றவர்களின் கதையையும் கேளுங்கள். 1981-ல் நியூயார்க் டைம்ஸ் சதுக்கத்தில் பாண்ட்ஸ் என்ற அரங்கில் கிளாஷ் குழு 17 நிகழ்ச்சிகள் நடத்தியது. அவர்களுக்கு முன்னால் வாசிக்க, அதே நகரத்தின் பிராங்க்ஸ் பகுதியிலிருந்து கிராண்ட்மாஸ்டர் பிளாஷ் குழுவை அழைத்திருந்தார்கள். ஹிப்-ஹாப் இசையை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அவர். கிட்டார் கிடையாது, இரண்டு தட்டுச் சுழலிகளும் வாய்ப்பேச்சும்தான். வசதி இல்லாத பையன்கள் கையில் கிடைத்ததை வைத்துச் செய்த இசை. பங்க் என்று எதைச் சொன்னார்களோ அதேதான் இது. ஆனால் கூடியிருந்த பங்க் ரசிகர்கள் கூச்சலிட்டு, குடித்த கோப்பைகளை அவர்கள்மேல் எறிந்தார்கள். தங்கள் கட்சிக்கு விசுவாசமாக இருந்தவர்கள் அவர்கள். தாங்கள் கொண்டாடிய இசை வேறு சட்டை போட்டுக்கொண்டு எதிரில் வந்து நின்றபோது அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. கிளாஷ் குழுவுக்குத் தெரிந்தது. அதற்கு முந்தைய ஆண்டே நியூயார்க்கில் கேட்ட ராப் இசையைத் தங்கள் பாட்டில் எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

இப்போது லீட்ஸ் நகரத்துக்கே வருவோம். நம் மாணவர் அங்கே இருந்துகொண்டு இது தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம். 1977-ல் அந்த ஊர் ஓவியக்கலை மாணவர்கள் தொடங்கிய பங்க் குழு மீகான்ஸ். 1984-85-ல் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள் ஏறத்தாழ ஓராண்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். கலைந்துகிடந்த மீகான்ஸ், அவர்களுக்கு நிதி திரட்டும் நிகழ்ச்சிகளுக்காக மறுபடி ஒன்று கூடியது. 1985-ல் அவர்கள் வெளியிட்ட இசைத்தட்டில் பிடிலும் கன்ட்ரி மெட்டும் வந்துவிட்டன. ஏன் கன்ட்ரி? அங்கேயும் பெரும்பாலும் மூன்று கார்ட்தான். சொற்கள் எளிமை. கூலி, கடன், குடி, பிரிவு, தோல்வி என்று உழைக்கிறவன் வாழ்க்கைதான் பாட்டு. இருபது வயதில் கோபத்தைப் பாட ஒரு மொழி வேண்டியிருந்தது. போராட்டம் தோற்று, சுரங்கங்கள் மூடப்படும்போது, தோல்வியைப் பாட வேறு மொழி தேவைப்பட்டது.

அந்தக் குழுவின் ஜான் லாங்ஃபோர்ட் பிறகு சிகாகோவில் குடியேறினார். 2002-ல் கொலையையும் தூக்கையும் பற்றிய பழைய பாட்டுகளைப் பல பாடகர்களைக் கொண்டு பாடவைத்து ஒரு தொகுப்பு வெளியிட்டார். வந்த பணம் இல்லினாய் மாநிலத்தில் மரண தண்டனையை எதிர்த்த அமைப்புக்குப் போனது. 2011-ல் அந்த மாநிலம் மரண தண்டனையை ஒழித்தது. பாட்டால் ஒழிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பாஞ்சோவையும் பிடிலையும் எடுத்தவன் எதையும் விட்டுவிட்டு ஓடவில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

"சார், இவர்கள் கலைஞர்கள். ரசிகன் கதை வேறு" என்பீர்கள். சரி, ஒரு ரசிகனையே எடுத்துக்கொள்வோம். 1976 அக்டோபரில் லண்டனில் நடந்த கிளாஷ் நிகழ்ச்சி ஒன்றில், கூட்டத்தில் நின்ற ஒரு இளைஞனின் காதிலிருந்து ரத்தம் வழிந்த படம் பத்திரிகையில் வந்தது. ரசிக வெறிக்கு அடையாளமாக அந்தப் படம் ஆகிவிட்டது. அவர்தான் ஷேன் மெக்கோவன். ஐரிஷ் பெற்றோரின் பிள்ளை. ஆறே ஆண்டுகளில் போக்ஸ் குழுவைத் தொடங்கி, தன் அம்மாவின் ஊர்ப் பாட்டுகளை பங்க் வேகத்தில் பாடினார். இங்கிலாந்தில் ஐரிஷ்காரர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்த்த காலம் அது. 2023 நவம்பரில் 65 வயதில் இறந்தார். அயர்லாந்தில் இறுதிச் சடங்கு நடந்த தேவாலயத்துக்குள்ளேயே அவர் பாட்டைப் பாடி ஆடினார்கள். காதில் ரத்தம் வழிய நின்ற பையனும் தாய்வழிப் பாட்டுக்குத் திரும்பிய மனிதரும் ஒருவர்தான்.

எதிர்த்தரப்பில் நியாயம் இல்லாமல் இல்லை. ஒன்று, உடம்பு. முட்டி தேய்ந்தவன் குதித்து ஆட முடியாது. காது இரைச்சல் வந்தவன் ஒலிபெருக்கி முன்னால் நிற்க முடியாது. ஆகவே அமைதியான இசைக்குப் போகிறான். போகட்டுமே! நானும்தான் இப்போது மாடிப்படி ஏறுவதில்லை. அதற்காக மேலே இருப்பவர்களோடு பகை என்று அர்த்தமா?

இரண்டாவது கொஞ்சம் கனமானது. எல்லா மாற்றமும் நல்லதுக்கு இல்லை. பங்க் குழுவாகத் தொடங்கிய ஸ்க்ரூடிரைவர் என்ற குழு பின்னால் நாஜிக் கொள்கையைப் பாடும் குழுவாகிவிட்டது. அவர்களோடு போன ரசிகர்களும் இருந்தார்கள். அதே காலத்தில், 1978 ஏப்ரல் 30 அன்று, இனவெறிக்கு எதிராக லண்டன் விக்டோரியா பூங்காவில் பெரும் கூட்டம் கூடியது. அங்கே பங்க் குழுவான கிளாஷும் ரெகே குழுவான ஸ்டீல் பல்ஸும் ஒரே மேடை ஏறின. ஆகவே ஒருவர் இடம் மாறினாரா என்று கேட்டுப் பயனில்லை. எதை எடுத்துக்கொண்டு போனார் என்று கேளுங்கள்.

இடம் மாறாமல் அங்கேயே நிற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. பழைய பாட்டைப் பழைய நண்பர்களோடு கேட்பது சுகம். ஆனால் அங்கே நின்றால் பங்க் பத்திரமாக இருக்கும் என்று நம்பாதீர்கள். 2015-ல் இங்கிலாந்தில் செக்ஸ் பிஸ்டல்ஸ் இசைத்தட்டின் அட்டைப்படத்தைப் போட்டு வங்கி கிரெடிட் கார்டு விற்றார்கள். சட்டையும் சின்னமும் சிகை அலங்காரமும் விலைக்குக் கிடைக்கும். புதிதாக ஒன்றைத் தொடங்கும் துணிச்சல்தான் கடையில் கிடைக்காது. அறுபது வயதுக்கு மேல் பாஞ்சோ வாங்கி, தப்பும் தவறுமாக நாலு பேர் முன்னால் வாசிப்பவரிடம் அது இருக்கிறது.

நம்மவர்களுக்கு ஒரு செய்தி. 1982-ல் கிளாஷ் குழு, குடியேறி வந்தவர்களை நாடு நடத்தும் விதத்தைப் பற்றி ஒரு பாட்டு வெளியிட்டது. 25 ஆண்டு கழித்து, யாழ்ப்பாணத்தில் சிறு வயதைக் கழித்து அகதியாக லண்டன் போன மாதங்கி அருள்பிரகாசம், அதாவது எம்.ஐ.ஏ., அந்தப் பாட்டின் இசைத் துண்டை எடுத்துத் தன் 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டைக் கட்டினார். 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தில் நீங்கள் கேட்டதும் அதுதான். இசை தன் எல்லைக்குள்ளேயே காவல் காத்துக்கொண்டிருந்தால் நம் வீட்டுப் பெண் கையில் அது சேர்ந்திருக்குமா?

இவ்வளவு கோபம் ஏன் என்று கேட்பீர்கள். சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு சந்திப்பிலும் நீங்கள் என் பிரம்பைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறீர்கள். "அந்தக் காலத்து சார் இப்ப இல்ல, மாறிட்டாரு" என்கிறீர்கள். ஆமாம், மாறினேன். பணியின் கடைசிப் பதினைந்து ஆண்டுகள் பிரம்பைத் தொடவில்லை. நீங்கள் நன்றாக வர வேண்டும் என்பதற்காகத்தான் முதலில் அடித்தேன். அதே காரணத்துக்காகத்தான் பிறகு நிறுத்தினேன். உங்கள் பதினைந்து வயதில் பார்த்த என்னை அப்படியே நிறுத்திவைக்கப் பார்க்காதீர்கள். அன்பில் செய்கிறீர்கள் என்று தெரியும். இருந்தாலும் அது ஒரு மனிதனைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதுதான்.

தம்பி, படம் போட்டவனே, உனக்கு இரண்டு வேலை தருகிறேன். அந்தப் படத்தை எடுத்துவிடு, அவரைக் கேட்டிருக்க மாட்டாய். அடுத்த முறை அவர் வாசிக்கும்போது போய் முன்னால் உட்கார். முடிந்ததும், 1977-ல் என்ன கேட்டீர்கள் ஐயா என்று விசாரி. அவர் சொல்வதை இங்கே எழுது. முதல் லைக் என்னுடையது.

அன்புடன்,
உங்கள் சார்