சர்வருக்கு எந்த ஓஎஸ்? புதுசு வேணாம், ஆயுசு பாருங்க!

மக்களே, "சொந்தமா ஒரு சர்வர் எடுத்து என் பதிவுகளை எல்லாம் அதுல வெச்சுக்கப் போறேன், எந்த ஓஎஸ் போடலாம்?"னு கேட்டுப் பாருங்க. நாலு பேர் கச்சை கட்டிட்டு வந்துடுவாங்க. ஒருத்தர் ஆர்ச் லினக்ஸ்தான் உசத்திம்பார். இன்னொருத்தர் நேத்து வந்த பதிப்பைப் போடலைன்னா நீ கற்காலம்பார். கேட்ட ஆள் தலை சுத்திப் போய் படுத்துடுவார்.

எல்லாரும் வேகம், வசதி, புதுமைன்னு பேசுறாங்க. கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான். இந்த ஓஎஸ்ஸுக்கு எத்தனை வருஷம் பாதுகாப்புத் திருத்தம் வரும்? அந்த வாக்கு யார் கையில இருக்கு?

சென்ட்ஓஎஸ் கதையை எடுத்துக்குங்க. 2019 செப்டம்பர்ல சென்ட்ஓஎஸ் 8 வந்துச்சு. 2029 வரை ஆதரவுன்னு நம்பி ஊரே ஏறி உட்கார்ந்துச்சு. 2020 டிசம்பர்ல, "2021 முடிவோட இது முடிஞ்சுது"ன்னு அறிவிச்சாங்க. ஏழு வருஷத்துக்கு மேல அம்போ! அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2021-ல அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் கிளம்பி வந்துச்சு. சென்ட்ஓஎஸ் மோசமான மென்பொருள் இல்லை. ஆனா அதோட ஆயுசு ஒரே ஒரு கம்பெனி கையில இருந்துச்சு.

சரி, என் கதைக்கு வர்றேன். இதுல குத்தம் என்னோடதுதான். ஒன்பது மாசமே ஆதரவு இருக்கிற ஒரு பதிப்பை, "லேட்டஸ்ட்"ங்கிற ஒரே காரணத்துக்காகப் போட்டேன். காலம் முடிய முடிய, வீடு மாத்துற மாதிரி சர்வர் மாத்திட்டே இருந்தேன். மூணாவது தடவை, புது மைஎஸ்க்யூஎல்-ல அட்டவணை எல்லாம் லத்தீன்1 எழுத்துருவாக்கத்துல உருவாகியிருந்ததை நான் கவனிக்கலை. பதிவு ஏறுச்சு, தமிழ் ஏறலை. எல்லாமே ????? தான். சரி பார்க்கிறதுக்கு முன்னாடியே பழைய சர்வரையும் அழிச்சிருந்தேன் அதிபுத்திசாலி. எங்க ஆத்தா சொன்ன கதைகளைக் கேட்டுக் கேட்டு எழுதின பதினோரு பதிவு போச்சு. திரும்பக் கேட்க அவங்களும் இப்ப இல்லை.

மைஎஸ்க்யூஎல்-ல 8.0 பதிப்பு (2018) வர்ற வரை லத்தீன்1-தான் இயல்புநிலை. அதுல utf8-னு தமிழ்ல எழுத முடியாத பேர்ல ஒண்ணு இருக்கு, யூடிஎஃப்8. அது ஒரு எழுத்துக்கு மூணு பைட்தான் தரும். தமிழ் அதுக்குள்ள அடங்கிடும், ஆனா நாலு பைட் கேக்குற ஸ்மைலி அடங்காது. அதனால யூடிஎஃப்8எம்பி4 போடுங்க. யாரும் சொல்லலைன்னு சொல்லாதீங்க.

என் தீர்ப்பு: டெபியன் ஸ்டேபிள். 1993-ல ஆரம்பிச்சது, தன்னார்வலர்கள் நடத்துறது, எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. 2025 ஆகஸ்ட்ல வந்த டெபியன் 13-க்கு மூணு வருஷம் முழு ஆதரவு, அப்புறம் ரெண்டு வருஷம் நீட்டிப்பு, ஆக மொத்தம் அஞ்சு. உபுண்டு பழகிட்டீங்களா? எல்டிஎஸ் பதிப்பை மட்டும் தொடுங்க, அதுக்கும் அஞ்சு வருஷம்.

"டெபியன்ல எல்லாமே பழசு"ன்னு சிரிக்கிறவங்களுக்கு: பதிப்பு எண் பழசா இருக்கும், ஆனா பாதுகாப்புத் திருத்தத்தை அந்தப் பழைய பதிப்புலயே கொண்டுவந்து சேர்க்கிறாங்க. பழசு வேற, ஊசிப்போனது வேற சாமி!

அப்பாச்சியா என்ஜின்எக்ஸா? ஒரு நாளைக்கு இருநூறு பேர் வர்ற பதிவுக்கு எதுவும் போதும். வேர்ட்பிரஸ் வெச்சிருந்தா அப்பாச்சி சுலபம், அது எழுதுற ஹெச்டிஆக்சஸ் கோப்பை என்ஜின்எக்ஸ் கண்டுக்காது. வாரம் ஒரு பதிவுன்னா டேட்டாபேஸே இல்லாம வெறும் ஹெச்டிஎம்எல்-ஆ வைக்கலாம். உடைய என்ன இருக்கு?

எதைப் போட்டாலும் பேக்கப்பை வேற இடத்துல வைங்க. ஒரு தடவையாவது அதைத் திருப்பி ஏத்தி, உங்க பதிவைத் தமிழ்ல படிச்சுப் பாருங்க. அப்புறமா பழைய சர்வரை அழிக்கலாம்.

ஓஎஸ்ஸை மறுபடி இறக்கிக்கலாம். ஆத்தா கதையை எங்கேர்ந்து இறக்குறது?