டப்பாவில் விழும் ஒரு வெள்ளி

கம்போங் மேடானிலிருந்து வாரத்துக்கு ஒருமுறையேனும் பூவும் காய்கறியும் வாங்கப் பிரிக்பீல்ட்ஸுக்குப் போய்வரும் வழக்கமுள்ள நான், துன் சம்பந்தன் சாலை நடைபாதையில் மடக்கு நாற்காலி ஒன்றில் அமர்ந்து, முழங்காலருகே சிறியதோர் ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு பழைய திரைப்பாடல்களைப் பாடும் பார்வையற்ற பெரியவர் ஒருவரைப் பல மாதங்களாகக் கேட்டு வருகிறேன். சென்ற வாரம் அவர் ஒரு சரணத்தின் மேல் ஸ்தாயியில் சற்றும் பிசிறின்றி நின்றுகொண்டிருந்தபோது, அவ்வழியே வந்த ஒருவர், நடையை நிறுத்தாமலே ஒரு வெள்ளித் தாளை டப்பாவில் போட்டுவிட்டு, "பாவம்டா, கண்ணு தெரியாதவரு" என்று தம் மகனிடம் சொல்லிக்கொண்டே போய்விட்டார். பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் 'பாவம்' என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு.

தோட்டத்து லயத்தில் வாழ்ந்த என் பாட்டி, கே. பி. சுந்தராம்பாளின் குரல் வானொலியில் எழுந்துவிட்டால் கையில் இருக்கும் வேலையை அப்படியே வைத்துவிடுவார். 1908-இல் காவிரிக்கரைக் கொடுமுடியில் பிறந்து, தந்தையை இழந்த குடும்பத்தின் வயிற்றுப்பாட்டுக்காக ஓடும் ரயிலில் பாடிக் காசு பெற்ற பெண் சுந்தராம்பாள். ரயில்வே அதிகாரியும் நாடகப் பித்தருமான எஃப். ஜி. நடேச ஐயர் அந்தச் சாரீரத்தைக் கேட்டு அவரை நாடக மேடைக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். அதே பெட்டியில் இருந்த மற்றப் பிரயாணிகளும் அதே பாட்டைத்தான் கேட்டார்கள். அவர்கள் காதில் விழுந்தது யாசகம், ஐயரின் காதில் விழுந்தது சங்கீதம். மேடையில் தமக்கு இணையாக நின்று பாடிய எஸ். ஜி. கிட்டப்பாவை மணந்து, 1933-இல் அவரை இழந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது இருபத்தைந்து. அன்று உடுத்திய வெள்ளைப் புடவையை அவர் கடைசிவரை மாற்றவில்லை. ஆடவருக்கு ஜோடியாக நடிப்பதில்லை என்ற விரதத்தையும் விடவில்லை. 1935-இல் 'நந்தனார்' படத்தில் ஆண் வேடமே பூண்டு, ஒரு லட்சம் ரூபாய் ஊதியம் பெற்றார். ரயிலில் காலணாக்களை எண்ணிய கைகளுக்கு அத்தொகை எப்படிக் கனத்திருக்கும் என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. பின்னர் 1953-இல் 'ஔவையார்', 1958-இல் சென்னைச் சட்ட மேலவை, 1970-இல் பத்மஸ்ரீ என்று ராஜ்யமே அவரைத் தேடி வந்து கௌரவித்தது.

'நந்தனார்' வெளியான அதே 1935-இல், பாரிஸ் நகரத் தெருவொன்றில் பாடிக்கொண்டிருந்த பத்தொன்பது வயதுப் பெண்ணின் குரலைக் கேட்டு, லூயி லெப்ளே என்ற விடுதிக்காரர் நின்றார். தெருவில் உடல்வித்தை காட்டிப் பிழைத்தவரின் மகளான அந்த எடித் காஸியோனுக்கு அவர் இட்ட பெயர்தான் 'பியாஃப்'. பாரிஸ் பேச்சுவழக்கில் அதற்குச் சிட்டுக்குருவி என்று பொருள். தானே பின்னிய கறுப்பு உடையின் ஒரு கை முடிவதற்குள் முதல் கச்சேரி வந்துவிட, தோளில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு அவள் பாடினாள் என்பது அந்நாட்டில் எல்லாரும் சொல்லும் கதை. கறுப்பு உடையே பிறகு அவளது அடையாளமாயிற்று. 1949-இல் அவள் காதலன், குத்துச்சண்டை வீரன் செர்டான், அவளைக் காணப் புறப்பட்டு விமான விபத்தில் மாண்ட அன்றிரவும் நியூயார்க்கில் மேடையேறிப் பாடினாள். 1963-இல் அவள் மறைந்தபோது, அவளுக்குத் திருச்சபை பூசை மறுத்தும், ஜனத்திரளால் பாரிஸ் வீதிகள் அடைபட்டன.

நம் பட்டணத்துக்கு வருவோம். மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் பிரிக்பீல்ட்ஸில் இருப்பதால், நடைபாதையில் பதித்த மஞ்சள் நிறப் புடைப்புக் கற்களைக் கோலால் தடவிக்கொண்டு நடப்போரை அங்கே தினந்தோறும் காணலாம். அவர்களுள் சிலருக்குப் பாட்டே ஜீவனம். பாட்டுக்காரர்கள் வழியை அடைக்கிறார்கள், இரைச்சல் தாங்கவில்லை என்று குறை சொல்வோர், தீபாவளிச் சமயத்தில் அதே சாலையின் கடைகள் வைக்கும் ஒலிபெருக்கிகளைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை என்று எனக்கு விளங்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வரும் பாடகரைக் கேட்கச் சில நூறு வெள்ளி கொடுத்துச் சீட்டு வாங்கும் நமக்கு, அதே பாட்டை வெயிலில் அமர்ந்து பாடுகிறவருக்குக் கொடுப்பது மட்டும் தர்மம் என்று தோன்றுவது விசித்திரமான கணக்கு. அது கூலி, பாடினார், கேட்டோம், கொடுக்கிறோம். லெப்ளேயும் நடேச ஐயரும் எல்லாத் தெருவிலும் நடந்துவர மாட்டார்கள். நாம்தான் நடந்து வருகிறோம்.

சென்ற சனிக்கிழமை, "இன்னொன்று பாடுங்களேன் ஐயா" என்று கேட்டு, அருகிலிருந்த பூக்கடைத் திண்ணையில் உட்கார்ந்தேன். "எந்தக் காலத்துப் பாட்டு வேணும்?" என்று கேட்டுவிட்டு, ஒலிபெருக்கியின் சுருதியைச் சரிசெய்து, முகத்தை என் குரல் வந்த திசைக்குத் திருப்பிக்கொண்டார். அடுத்த முறை அச்சாலையில் நீங்கள் போகும்போது, தாளைப் போடுமுன் அந்தப் பாட்டு முடியும்வரையாவது தயவுசெய்து நில்லுங்கள்.